பாரா

லாரன்ஸ் ரோட்டில் மீன் விற்கும் குலசேகரன்
கவரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்:
"கன்விக்ட், சார். உங்களுக்குன்னே வந்த சாதி."
சாம்பல் உடம்பில் எட்டோ ஒன்பதோ கறுப்புக் கோடு.
எங்கள் ஆட்களுக்குக் கோடெல்லாம் இல்லை, வெள்ளைதான்
என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
ஜோடி எண்பது ரூபாய்.

கேப்பர் மலை குவார்ட்டர்ஸில் இரண்டடித் தொட்டி.
டி.வி. மேசையில் அது,
டி.வி. தரையில்.
உடைந்த பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன்.
மூன்றாம் நாளே சரளையை வாயால் அள்ளி
மூலைக்குக் கடத்தத் தொடங்கின.
தோண்டுகிறவரைக் கண்டால்
என் கை தானாக விசிலுக்குப் போகும்.

பெட்டைக்கு வயிறு கமலாப்பழ நிறமானது.
சட்டியின் உட்சுவரில் முட்டைகள்,
ஈரத்தில் ஒட்டிய தினைபோல.
அன்று மூன்றாம் பாரா முடிந்து வந்தவன்
பழக்க தோஷத்தில் டார்ச் அடித்தேன்.
மணிக்கொரு தரம் அறைக்கு அறை அடிப்பதுதான்:
தலை இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா.
விடிந்தபோது சுவரைத் துடைத்து வைத்திருந்தது.
"நீங்கதான் தின்னீங்க," என்றாள் அஞ்சலாட்சி.

பயந்தால் விழுங்கிவிடும், சார், என்றான் குலசேகரன்.
அடுத்தவன் தின்பதற்கு முன்னால்
தானே.

அந்த வாரம் மனு பார்க்க வந்தவர்களில்
நெல்லிக்குப்பத்துக்காரி ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை.
வலைக்கு அப்பால் நின்றவன்
பேச வேண்டியதை எல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தான்.
நேரமாச்சு என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாம் ஈட்டுக்கு
மூன்று பக்கமும் தினசரித் தாள் ஒட்டினேன்.
நாலாவது பக்கத்துக்கு என் பழைய காக்கிச் சட்டை.
எட்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.
போகாமல் இருப்பதற்கு
வேலைக்குப் போவதைவிட அதிகம் களைப்பு.

சட்டையை விலக்கினால்
ஆண் முன்னே, பெண் பின்னே, நடுவில் புகை.
அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விட்டேன்.
விலகிப்போன ஒரு பொடியைத் தகப்பன் கவ்வியது.
ஒழிந்தது என்று நினைத்தேன்.
கூட்டத்துக்குள் கொண்டுபோய்த் துப்பியது.

எண்ணினேன். நாற்பத்தொன்று.
மறுபடி, அறுபது.
பிறகு முப்பது சொச்சம்.
இருபத்திரண்டு வருடமாக மாலைக் கணக்கெடுப்பவன்,
ஒரு தலை பிசகினாலும் மணியடித்து
அத்தனை பேரையும் திரும்ப உட்காரவைப்பவன்.
இங்கே யாரை உட்காரவைக்க?

நேற்றிரவு ஐந்தாம் பிளாக்கில்
நெல்லிக்குப்பத்தான் தூங்காமல் இருந்தான்.
டார்ச் வாயில் உள்ளங்கையை வைத்தேன்.
விரல் இடுக்கு மட்டும் சிவந்தது.
மூச்சு கேட்டது, போதும்.

காலையில் வீடு வந்தால்
தாளில் சுண்டுவிரல் அளவு ஓட்டை.
யார் போட்டது என்று கேட்கவில்லை;
குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாள்.
எத்தனை?
அஞ்சலாட்சி திரும்பாமலே சொல்கிறாள்:
"இருக்குதுங்க."