மூன்றாவது வரி

பில்லை வடிவமைத்தவள் நான்தான்.
ஸிலேசியாவில் ஒரு சிற்றூர், நகராட்சி வெப்ப நிலையம்,
கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடி.

முதல் வரி நிலக்கரி.
இரண்டாவது குழாய், பழுது, சம்பளம்;
என்னுடையதும் அதற்குள்தான்.
மூன்றாவது, கரிப்புகைக் கட்டணம்.
"அதை மட்டும் தடித்த எழுத்தில் போடு,
நம் தப்பில்லை என்று தெரியட்டும்"
என்றார் இயக்குநர். போட்டேன்.

இந்தக் குளிர்காலம் நிலக்கரி மும்மடங்கு.
முதல் வரி மெல்லிய எழுத்திலேயே
வீங்கிக்கொண்டு போனது.
ஜனவரியில் கவுண்டருக்கு வந்த அத்தனை பேரும்
விரல் வைத்தது மூன்றில்.

"காற்றுக்குக் காசா?
நாளைக்கு மூச்சுக்கும் மீட்டர் மாட்டுவீர்களா?"
ரொட்டிக்கடை ஹால்ஷ்கா கத்தினாள்.
அவள் சந்தில் அடுப்புவீடுகள்;
வார்னிஷ் பூசிய பலகை எரிகிறது, பழைய ஷூ எரிகிறது,
அந்தப் புகைக்கு எந்த பில்லிலும் வரியில்லை.
என் மகனின் இன்ஹேலருக்கு ரசீது இருக்கிறது,
மருந்துக்கடை ரசீது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.

நான்காம் மாடி போஜிதார் கத்தவில்லை.
மூன்று ரேடியேட்டரில் இரண்டை மூடிவிட்டு
ஓவர்கோட்டோடு தூங்குகிறவர்.
"இந்தப் பணம் எங்கே போகிறது?"
வார்சாவுக்கு, என்றேன்.
"அங்கிருந்து?"

தொலைபேசியில் கேட்டேன்.
மூன்று மேசை மாற்றினார்கள், நடுவில் பியானோ.
பொது நிதிக்கு, என்றது ஒரு குரல்.
எந்தப் பொது என்பதற்குள்
மறுபடி பியானோ.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வானத்தில் போடுவதை நாங்கள் அளக்கிறோம்,
டன் கணக்கில், தசமம் பிசகாமல்.
அளப்பது சரிதான். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன்.
திருப்பித் தருவதற்குத்தான்
ஒருவரிடமும் படி இல்லை.

பிப்ரவரி பில்லில் மூன்றாவது வரியை மெலிய வைத்தேன்.
கீழே ஒன்று சேர்த்தேன், தடித்த எழுத்தில்:
உங்களுக்குத் திரும்பி வந்தது 0.00

இயக்குநர் பார்ப்பதற்குள்
நாலாயிரத்துச் சொச்சம் தபாலில் போய்விட்டது.
அசிங்கமாக இருக்கிறது அந்தப் பூஜ்யம், என்றார்.
ஆமாம் என்றேன்.

போஜிதார் வந்தார்.
நுனி கிழிந்த கையுறையின் விரல்
நான்காவது வரியில் கொஞ்ச நேரம் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
கோட்டின் உள்பையிலிருந்து சில்லறையை எடுத்து
ஒவ்வொன்றாக வைத்தார்.

எண்ணினேன்.
நெஞ்சை ஒட்டிக் கிடந்த காசுகள்,
ஆனாலும் ஜில்லென்று இருந்தன.