கணிசமான வேறுபாடு இல்லை

சோஹாரில் இரவு இரண்டே கால்.
இத்ரீஸ் ஆதம் வாந்தியெடுத்த வாளி நிறைந்து
இன்னொன்று வைத்தோம்.
"சரக்கு" என்று உதட்டைப் பிதுக்கினான் கூட வந்த ஃபோர்மேன்.

ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவன்.
தொட்டதெல்லாம் கெசீராவின் பருத்திக் கால்வாய்,
ஏழு வயதில், இடுப்பளவுத் தண்ணீர்.
நத்தை விட்டுப் புறப்பட்ட புழு தோலைத் துளைத்தது.
முட்டைகள் ஈரலில் தழும்பாகி வழியடைக்க
போக்கிடமற்ற ரத்தம்
உணவுக்குழாய்ச் சிரைகளைப் புடைக்கவைத்துக்கொண்டே
காத்திருந்திருக்கிறது,
அவன் சாரத்தின் ஒன்பதாம் தட்டில்
போல்ட் முடுக்கும் நாள்வரை.

போன வியாழன்தான் டாக்டர் ஹைதம் வகுப்பெடுத்தார்.
திரையில் அட்டவணை.
மருந்து மட்டும் ஏற்றியவர்கள்.
சிரைக்குள் ஊசி போட்டு உறையவைத்தவர்கள்.
ரப்பர் வளையம் மாட்டி இறுக்கியவர்கள்.
ஆறு வாரம் கழித்து உயிரோடிருந்தவர்கள்.
மருந்துக்கும் ஊசிக்கும் கணிசமான வேறுபாடு இல்லை
என்ற வரியில் கண்ணயர்ந்துவிட்டேன்.
முந்தின நாள் இரட்டை டூட்டி.

இப்போது அந்த வேறுபாடு
என் கையுறைமேல் சூடாக வழிகிறது.

டெர்லிபிரசின் ஏறுகிறது.
"விரல் நுனி கறுக்கிறதா, பார்த்துக்கொண்டே இரு."
பார்க்கிறேன். சிமென்ட் ஏறிய நகம்,
எதைக் கறுப்பென்று சொல்ல?
குழாய் உள்ளே போகிறது. திரை முழுக்கச் சிவப்பு.
முதல் வளையம் பிடித்தது.
இரண்டாவது நழுவியது.
மூன்றாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

மாரிவிக் அலமாரிக்கு ஓடினாள்,
பழைய பலூன் குழாய்க்கு.
ஊதியாயிற்று. இழுத்துப் பிடிக்க எதில் கட்டுவது?
தலைக்கவசத்தில், என்கிறது புத்தகம்,
படத்தில் ஓர் அமெரிக்கப் பந்தாட்டக்காரனின் கவசம்.
கட்டிலடியில் பிளாஸ்டிக் பையில் இருந்தது
இத்ரீஸின் மஞ்சள் ஹெல்மெட், எண் 417.
அதை மாட்டி, அதில் கட்டினோம்.
நின்றது.

"ஈரல் இன்னும் தெம்பான ஈரல், பிழைப்பான்" என்றார் ஹைதம்.
பலூனுக்கு ஒரு நாள்தான் தவணை.
மஸ்கட்டில் ஈரலுக்குள்ளேயே ஒரு வழி திறப்பார்கள்.
விடியும்போது கிளம்பிய ஆம்புலன்ஸில்
வேலைக்குப் போகிறவன்போல் கிடந்தான்.

முப்பத்தொன்றாம் நாள் கேம்ப் பாஸ் போன் செய்தான்.
விசா முடித்து போர்ட் சூடான் ஏற்றிவிட்டார்களாம்.
நடந்தா போனான், என்று கேட்டேன். தெரியாது.
"அந்த ஹெல்மெட் கம்பெனிச் சொத்து,
உங்களிடம் இருக்கிறதா?"

வகுப்பில் தூங்குமுன்
அட்டவணையின் அடிக்கோட்டுக்குக் கீழே
பொடி எழுத்தில் ஒன்று பார்த்தேன்:
பின்தொடர இயலாதவர்கள், மூவர்.