நரம்பு மாற்றும்போது

முதலில் ஸ்பார்க் ப்ளக்கின் தொப்பியைக் கழற்று,
இல்லாவிட்டால் அது உன் விரலைக் கழற்றும்
என்று கடைக்கார ஃபிர்மீனு சொன்னதை
ஒவ்வொரு முறையும் மறக்கிறேன்,
ஒவ்வொரு முறையும் பாதியில் நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் முடிவதற்குள் புல் வெட்டியாக வேண்டும்.
வீட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர்.
நகராட்சிக் கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில்
மத்தி மீன் காந்தத்தின் கீழே தொங்குகிறது.

இரும்பு வட்டு போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.
ஆனால் பெய்ரா மலை முழுக்கக் கருங்கல்.
இரும்பு கல்லில் பட்டால் ஒரு பொறி,
ஒரு பொறி போதும்.
அந்த அக்டோபர் இரவில்
யூகலிப்டஸ் காடு எரிந்துகொண்டே இறங்கி வந்ததைக்
காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தவள் நான்.
கண்ணாடி சின்னது. அதில் அடங்கியது அந்த மலை.

அதனால் நைலான் நரம்பு.
ஆரஞ்சு நிறம், இரண்டே முக்கால் மில்லிமீட்டர்.
மூன்று நாள் வாளித் தண்ணீரில் ஊறியது.
காய்ந்த நரம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

தலையைத் திறக்கிறேன். மரை இடப்பக்கம்.
இதுவும் கேஸ் சிலிண்டரும் ஒரே வம்சம்,
நாம் திறக்கத் திறக்க இறுகும்.
உள்ளே பழைய நரம்பு
சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடக்கிறது.
கத்தி முனையால் நெம்புகிறேன்.
புல் கூழ், மண், ஒரு நத்தை ஓட்டின் பாதி.
அப்புறம் இது.

நார்.
ஈரமாக, நீளமாக, உள்பக்கம் வெளிர் பச்சை.
புல்லுக்கு இப்படி நார் வராது.
கையுறையைக் கழற்றிவிட்டு முகர்ந்து பார்த்தேன்.
கசப்பு வாடை.

தீக்குப் பிறகு பெல்மீரு
எல்லைக் கல் ஓரமாகப் பதினேழு செஸ்நட் நட்டார்.
ஆடு ஐந்தைத் தின்றது. வறட்சி எட்டை.
மிச்சம் நான்கு, இடுப்பளவு,
இந்த வசந்தத்துப் புல்லுக்குள் தலை மட்டும் தெரிகிற நான்கு.

போய்ப் பார்த்தேன்.
மேலிருந்து இரண்டாவது.
கணுக்கால் உயரத்தில் பட்டை போயிருந்தது,
சுற்றிலும் முக்கால்வாசி.
வடக்குப் பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலம் மீதி.
இலைகளுக்கு இன்னும் செய்தி போகவில்லை.
பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?
ஐந்து மீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து,
மடிப்பை நடுப்பிளவில் மாட்டி
அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்ற வேண்டும்.
சுற்றிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன்.
பெல்மீரு, ஆடு கடித்திருக்கிறது.
(ஆடுகளை அவர் போன இலையுதிர் காலத்திலேயே விற்றுவிட்டார்.)
பெல்மீரு, முயல்.
பெல்மீரு, பனி.
ஏப்ரலில் என்ன பனி?
முழுக்கச் சுற்றிய பிறகுதான் பார்த்தேன்,
அம்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தேன்.
அவிழ்த்தேன்.
இரண்டாம் முறை வாயை மூடிக்கொண்டு சுற்றினேன்.

இரண்டு நுனியையும் கண்ணில் கோத்து,
மூடியை அழுத்தி,
ஒரு சாண் நரம்பு வெளியே நிற்கும்படி விட்டு,
ப்ளக் தொப்பியைத் திரும்ப மாட்டினேன்.
ஸ்டார்ட் செய்யவில்லை.
நாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அவர் வாசல் கதவைத் தட்டினேன்.

கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார்.
"எது?"
"மேலிருந்து இரண்டாவது."
"முழு வட்டமா?"
"இரண்டு விரல் மிச்சம்."
உள்ளே போனார். நான் நின்றேன்.
அவர் வீட்டு ரேடியோவில் யாரோ
மீன் விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
ரம்பமும் பழைய பிளாஸ்டிக் குழாயும் எடுத்து வந்து
படியில் அமர்ந்து
சாண் சாணாக அறுக்க ஆரம்பித்தார்,
கன்றுகளின் காலுக்குப் போட, நான்கு துண்டு.
என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நான்காவதை அறுக்கும்போது கேட்டார்:
"இவோன், நரம்பு மிச்சம் இருக்கா?
என் மெஷினிலும் தீர்ந்துபோச்சு. ஐந்து மீட்டர் போதும்."

வீட்டுக்கு வந்து வாளியில் கை விட்டு
ஆறு மீட்டர் அளந்தேன்.
அப்புறம் அது லஞ்சம் போலத் தோன்றியது.
ஒரு மீட்டரை வெட்டி
வாளியிலேயே போட்டேன்.