நீல ஒயரில் வெள்ளைக் கோடு

திம்மராயன் தன் பங்கைக் கழற்றிக்கொண்டு போன
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து
டவேரா பாடுவதில்லை.

செட்டில் வெளிச்சம் இருக்கிறது.
பாட்டின் பெயர் வலமிருந்து இடமாக ஊர்கிறது.
நொடிகள் ஓடுகின்றன.
முப்பத்தைந்துவரை திருகினாலும்
ஏசிக் காற்றுதான் பேசுகிறது.

வண்டி என் பெயரில். கடனும் என் பெயரில்.
ஆம்ப்ளிஃபயர் அவன் காசு.
பின்சீட்டுக்கு அடியில் கிடந்த பெட்டி,
மலைப்பாதையில் தொட்டால் சுடும்,
சின்னதாய் ஒரு சிவப்புக் கண்.
நாலு போல்ட்டு, பத்து நிமிடம்.
"கணக்கு நேராயிடுச்சி" என்றான்.
ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

இன்று காவேரிப்பட்டணம்.
மாங்கூழ் ஆலை வாசலிலிருந்து வளைவுவரை
பெங்களூரா ஏற்றிய லாரிகள்.
உள்ளே போன ஏற்றுமதிக்காரர்கள் வர
மூன்று மணி நேரமாவது ஆகும்.
மல்லாந்து படுத்து
டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன்.

முதலில் ஃபியூஸ். உள்ளே கம்பி முழுசாக இருந்தது.
அடுத்து ம்யூட். யாரும் அழுத்தவில்லை.
ஸ்பீக்கர் செத்துவிட்டதோ என்று
டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி
கதவுக்குப் போகும் ஒயரின் இரு நுனியிலும் வைத்தேன்.
டுப்.
அடுத்த கதவு. டுப்.
நாலு கதவிலும் உயிர் இருந்தது.
பாடுகிறவனுக்கும் ஒன்றுமில்லை,
கேட்கிறவனுக்கும் ஒன்றுமில்லை,
நடுவில்தான் ஆள் இல்லை.

நாலு வருடம் முன்பு
ராயக்கோட்டை சாலைக் கடையில்
நேராகப் போன ஒயர்களை வெட்டி
எல்லாவற்றையும் அவன் பெட்டி வழியாகத் திருப்பினோம்.
பாலம் கட்டும்போது பேருந்துகளை
ஊருக்குள் திருப்பிவிடுவார்களே, அப்படி.
பாலம் முடிந்தால் பலகையை எடுப்பார்கள்.
நாங்கள் எடுக்கவில்லை,
அதுதான் சாலை என்றே நினைத்துவிட்டோம்.

எதிலும் சேராமல் ஓர் ஒயர் தொங்கியது.
நீலம், அதில் வெள்ளைக் கோடு.
டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.
பெட்டியை எழுப்புகிற ஒயர் இது.
ஒன்பது நாளாக,
சூளகிரி போனபோதும்
தொப்பூர் கணவாயில் இறங்கியபோதும்
சாவியைத் திருப்பிய ஒவ்வொரு முறையும்
எழுந்திரு எழுந்திரு என்று
வெறும் தரைவிரிப்பிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டில்லாத அந்த ஒன்பது நாளில்
வேறொன்று காதில் விழுந்தது.
இடது பின்சக்கரத்தில் ஒரு முனகல்.
நூருல்லா சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு
"பேரிங்ணா, ஆறு மாசமாவே போயிருக்கும்" என்றான்.
ஆறு மாதம்.
திம்மராயன் பேச்சைக் குறைத்ததும் அப்போதுதான்.
இரண்டையும் சேர்த்து நினைக்கக் கூடாது.
பேரிங் பேரிங்தான்.

பல்லால் உரித்தேன். பிளாஸ்டிக் கசந்தது.
வெள்ளையோடு வெள்ளை,
சாம்பலோடு சாம்பல், பச்சையோடு பச்சை,
ஊதாவைத் தேட வெளிச்சம் போதவில்லை,
செல்போனை வாயில் கவ்விக்கொண்டேன்.
கறுப்புக் கோடு போட்டதைக் கோடு போட்டதோடு.
ஒரே ஓர் இழை தகரத்தில் பட்டாலும்
செட்டு வாயை மூடிக்கொள்ளும்.
அப்படியே ஒருமுறை மூடியது.
மறுபடி பிரித்து, மறுபடி முறுக்கி,
டேப் ஒட்டாமல் வியர்வை வழுக்கி.

வந்தது.
மெலிந்த குரல், வயிறே இல்லை.
தவில் தகர டப்பாவாகக் கேட்டது.
முன்னால் நின்ற லாரியின் கிளீனர்
திரும்பிப் பார்த்து,
"ரேடியோவாண்ணா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

நீல ஒயரை வெட்டவில்லை.
நுனியில் மூன்று சுற்று டேப் சுற்றி
மேலே தள்ளிவிட்டேன்.
உள்ளே பன்னிரண்டு வோல்ட் இருக்கிறது,
எங்காவது உரசிவிடக் கூடாது, அதற்குத்தான்.

ஏற்றுமதிக்காரர்கள் வந்து ஏறினார்கள்,
சட்டையெல்லாம் மாங்கூழ் வாசனை.
சுங்கச்சாவடி தாண்டுமுன்
நடுசீட்டிலிருந்து ஒருவர்,
"கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க தம்பி."

குறைத்தேன்.
பேரிங் கேட்டது.