குந்தா, மூன்றாவது ஷிப்ட்

விழுந்த நேரம் எனக்குத் தெரியாது.
போஜன் எழுதிய லாக் புத்தகத்துக்குத் தெரியும்:
03.40. இரண்டாம் யூனிட் சீர். ஆபரேட்டர் விழுந்தார்.
03.43. ஆபரேட்டர் எழவில்லை. யூனிட் சீர்.

கண் திறந்தபோது
உள்ளங்கைக்குள் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து,
விரல்களை மடக்கி அழுத்திய தடத்தோடு.
இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடுமாம்.
நின்றது தானாகத்தான் என்றார்
ஊட்டி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா.
போஜனிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

"கரண்ட்டு ஆளா?
அப்படியென்றால் உங்களுக்குப் படம் வேண்டாம்."
ஆனாலும் வரைந்தார், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில்:
ஒரு நரம்பணு,
அதன் தோலில் கடுகளவு கதவு.
மூளைக்குள் ஓயாமல் ஒரு "போ, போ".
அதனிடம் "பொறு" என்று சொல்லப் பிறந்தது
காபா என்றொரு ரசாயனம்.
அது வந்து தொட்டால் கதவு திறக்கும்,
குளோரைடு உள்ளே இறங்கும்
(சோற்று உப்பில் பாதி அதுதான்),
அணு அடங்கும்.

இங்கேதான் எனக்கு இடறியது.
இருபத்தோரு வருஷமாக
கதவு திறந்தால் தண்ணீர்,
தண்ணீர் விழுந்தால் மின்சாரம்.
எமரால்டிலிருந்து பில்லூர் வரைக்கும்
இந்த மலைக்கு அது ஒன்றே விதி.
என் தலைக்குள் மட்டும்
கதவு திறந்தால் இருட்டா?

"இருட்டில்லை" என்றார்.
வேறு சொல் தேடினார். கிடைக்கவில்லை போல.
பேனா மூடியைக் கடித்தபடி
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

எழுந்துகொண்டே கேட்டேன்:
மாத்திரைதான் சாவியா?
"சாவி காபா. அது உங்களிடமே இருக்கிறது.
ஃபீனோபார்பிடோன்,
திறந்த கதவைச் சட்டென்று சாத்தவிடாமல்
பிடித்துக்கொண்டு நிற்கிற கை.
குளோபசாம் பிடிப்பதில்லை,
அடிக்கடி திறக்க வைக்கும்."

கைக்கு எந்தக் கதவென்று தெரிவதில்லை.
எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது.
'தாழ்ப்பாள்' என்ற சொல் வாய்க்கு வருவதற்குள்
மஞ்சூர் பஸ் இரண்டு வளைவு ஏறிவிடுகிறது.
ஜெமிமா சொன்ன ஜோக்குக்கு
மறுநாள் பல் துலக்கும்போது சிரித்தேன்.
அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

ஊட்டி ரோட்டில் மண் சரிந்த வாரம்
மிச்சம் நான்கு மாத்திரை.
உடைத்தால் எட்டு.
பிளேடை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
திடீரென்று நிறுத்தாதீர்கள் என்றிருந்தார்,
கை விட்டால் அத்தனை கதவும் ஒன்றாய் அறையும்.
வெளியே மழை, தகரத்தின் மேல்,
நிறுத்தச் சொல்ல யாருமில்லாமல்.

மூன்றாம் நாள் போஜன் வந்தான்.
சரிவின் மேல் ஏறி இறங்கி,
அந்தப் பக்கம் ஒரு கேரட் லாரி பிடித்து,
திரும்பவும் சரிவு ஏறி இறங்கி.
முழங்கால் வரை செம்மண்.
ஸ்வெட்டருக்குள் இரண்டு அட்டை,
உடம்புச் சூட்டோடு.
சாயா குடிக்கவும் நிற்கவில்லை. ஷிப்ட் இருந்தது.

இப்போது எனக்குப் பகல் வேலை, ஸ்டோர் லெட்ஜர்.
போல்ட்டு, வாஷர், கிரீஸ் டின் எண்ணுகிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் யூனிட் முனகுவது
மேசை வழியாக முழங்கைக்கு வருகிறது.
பதினான்கு மாதம் ஆயிற்று, விழவில்லை.

ஸ்டோர் ரூம் பூட்டை மாற்றியாகிவிட்டது.
பழைய சாவிக்கொத்து
போஜனின் சட்டைப்பையில் இருக்கிறது,
படி ஏறும்போது சத்தம் கேட்கும்.
எதைத் திறக்க என்று கேட்பதில்லை.