ஆயிரத்து ஐம்பத்தேழு

ஸ்ட்ரோம்னஸில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே இருட்டு.
மாடிப்படிக்குக் கீழே,
துடைப்பமும் ஈரக் கோட்டுகளும் கிடக்கும் பொந்தில்
இருபது லிட்டர் கறுப்பு பீர்
மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதல் மூன்று நாள் என்ன ஆட்டம்!
நுரை மூடியைத் தள்ளிச்
சுவரில் ஏறி
டார்க்விலின் மழைக்கோட்டுப் பைக்குள் புகுந்தது.
ராத்திரி முழுக்கக் கொப்புளச் சத்தம்,
பக்கத்து அறையில் யாரோ
தப்பும் தவறுமாய்ப் புல்லாங்குழல் பழகுவதுபோல.
பிறகு நிமிடத்துக்கு ஒன்று.
பிறகு, பல் துலக்கி முடித்து
விளக்கணைக்கும்வரை நின்றால் ஒன்று.
பிறகு நான் நின்றதுதான் மிச்சம்.

கருவியைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
ஒரே ஒரு சொட்டு போதும் அதற்கு.
ஆயிரத்து நூற்றுப் பத்தில் கிளம்பியது
ஆயிரத்து ஐம்பத்தேழில் நின்றிருந்தது.
அரைக்கிணறு தாண்டிய பீர்.
மறுநாளும் ஐம்பத்தேழு.
அடுத்த ஞாயிறும்.

ஆளுக்கொரு வைத்தியம்.
குளிர்தான், போர்த்திவிடு என்றாள் தபால் கொண்டுவருபவள்.
சுடுநீர்ப் பையை வாளியின் வயிற்றோடு கட்டினேன்.
அடியில் படுத்துத் தூங்குகிறது, எழுப்பு
என்றான் மீன்கடை எட்வின் ரெண்டல்.
காற்றுப் புகாமல் தொட்டில்போல ஆட்டினேன்.
சர்க்கரை போடச் சொன்னான் இன்னொருவன்;
தித்திப்பில் மூழ்கிக் கிடப்பதற்குச் சர்க்கரையா?
தோரா ஃபிளெட் தன் வாளியின் அடிவண்டலை
ஜாம் பாட்டிலில் கொடுத்தனுப்பினாள்.
மால்ட் நீர் காட்டிப் பசியைக் கிளப்பி,
அது பொங்குகிற வேளை பார்த்து ஊற்றினேன்.
ஒரு நாள் முனகியது.
மறுபடி ஐம்பத்தேழு.

ஈஸ்ட்டைத் திட்டினேன்.
சோம்பேறிப் பூஞ்சையே,
உட்கார்ந்த இடத்தில் சோறு,
காய்ச்சின சாராயத்தில் நீயே விழுந்துவிட்டாயா?
திட்டும்போதே தெரியும்,
கல்யாணப் பந்தி முழுக்க இலை போட்டுவிட்டு
சாப்பிட இரண்டு பேரை அனுப்பியவள் நான்.
இவ்வளவு மால்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட்.

டார்க்வில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.
கப்பல் எஞ்சினோடு பத்து மணிநேரம் கிடப்பவன்
வீட்டில் சத்தத்தைச் செலவழிக்க மாட்டான்.
செப்டம்பரில் கேட்டிருந்தேன்:
வீட்டுப் பத்திரத்தில் என் பெயரையும் சேர்க்கலாமா?
"ம்" என்றான்.
அந்த "ம்"மை
எத்தனை கோணத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருப்பேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி
அபர்டீனிலிருந்து வந்தவன்
கம்பளிக் காலுறை ஒன்றை மேசையில் வைத்தான்.
உள்ளே ஒரு கண்ணாடி மிதவை,
பீர் காய்ச்சிய அன்றைக்கே
என் கை தவறி உடைந்ததே, அதேபோல.
"உன் கருவி," என்றான்,
"சாராயம் கலந்துவிட்டால் பொய் சொல்லுமாம்.
சர்க்கரைத் தண்ணீராய் இருக்கிறவரைதான்
அதன் கணக்குச் சரி.
கப்பல் சமையல்காரன் சொன்னான்."
அந்த மாதத்தில் அவன் பேசியதிலேயே
நீளமான பேச்சு.

உயரக் குவளையில் ஊற்றி
மிதவையை விட்டேன்.
தலையாட்டியது, சுற்றியது.
ஒட்டிய குமிழ்களைச் சுண்டிவிட்டேன்.
இறங்கியது.
ஐம்பதைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி,
கூச்சமே இல்லாமல் முப்பதையும் தாண்டி
ஆயிரத்து இருபத்துமூன்றில் நின்றது.

எப்போதோ முடித்திருக்கிறது.
நான் ஆட்டியபோது வேலையில் இருந்ததா,
போர்த்தியபோதே படுக்கப் போய்விட்டதா,
தோராவின் வண்டலுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டுமா,
எதுவும் இனித் தெரியப்போவதில்லை.

குவளையை மாற்றி மாற்றிக் குடித்தோம்.
உலர்ந்த அத்திப்பழம், கருகிய ரொட்டித் தோல்,
கொஞ்சம் தாமதித்துத் தொண்டையில் ஏறும் சூடு.
இன்னும் முரடு. ஆறு மாதம் போகணும்.

"அந்தப் பத்திரம்..." என்று ஆரம்பித்தான்.
ஜன்னலில் மழை அடித்தது.
நான் மிதவையைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
இந்த முறை
இரண்டு கையாலும் பிடித்து.