பென்சில் கோடு

டனீடினில், மலையின் தென்சரிவில்,
படம் பார்த்தே வாங்கிய வீடு.
இந்த ஊரில் தெற்கு என்றால் வெயில் எட்டாத பக்கம்.
வருமானக் கணக்கில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நைரி மூன்று குளிர்காலம் குடியிருந்தாள்.
"சுவர் வியர்க்கிறது" என்று எழுதினாள்.
ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன்.
"பையனுக்கு இருமல் நிற்கவில்லை."
துணியை உள்ளே உலர்த்தாதீர்கள் என்றேன்.
அப்புறம் கடிதமே இல்லை.
சரியாகிவிட்டது போல என்று
வாடகையை இருபது டாலர் ஏற்றினேன்.

இன்று வீடு காலி.
கையில் ஈரமானி, ப்ளீச்,
எதையும் மறைப்பேன் என்று சத்தியம் செய்யும்
பத்து லிட்டர் வெள்ளைப் பெயின்ட்.
அலமாரியை நகர்த்துகிறேன்.

கறுப்பு.
தொட்டால் கம்பளிபோல் மெத்தென்று இருக்கிறது.
அதன் விளிம்பை ஒட்டிப் பென்சில் கோடு: மே நான்கு.
ஒரு சாண் மேலே: ஜூன் இருபது.
பிள்ளை வளர்வதைக் கதவுநிலையில் குறிப்பார்களே,
அப்படி ஏறிக்கொண்டே போய்
கடைசிக் கோட்டில் கோணல் கையெழுத்து:
"இப்ப என்னைவிட உசரம்."

ஈரமானி கத்துகிறது,
சுவரிலிருந்து எடுத்த பிறகும்.

வெளியே போய்ப் பார்த்தேன்.
கூரைத் தண்ணீர்க் குழாய் மூட்டுவிட்டு
சுவருக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது.
கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

பெயின்ட் டப்பா மூடியபடியே இருக்கிறது.
பிளாஸ்டர்காரர் போனில் கேட்டார்,
"எதுவரைக்கும் வெட்டணும்?"
அளவுநாடா கொண்டுவரவில்லை.
ஏழு வயசுப் பையன் உயரம் என்றேன்.
அதற்கும் ஒரு சாண் மேலே.